வேலை தேறாத ஊழியர்: காத்திருப்பதா, திருத்துவதா, பேசி அனுப்புவதா, நீக்குவதா?

ஒருவருடைய வேலை சரியில்லை என்று மேனேஜருக்குத் தெரிந்த நாளுக்கும் அது அவரிடமே தெளிவாகச் சொல்லப்பட்ட நாளுக்கும் நடுவே பெரும்பாலும் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. பிற்பாடு வழக்காகவும் மனக்கசப்பாகவும் வெடிக்கிற சிக்கல்களில் பல அந்த மாதங்களில் உருவானவைதான்.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து: கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது, கெடு வைத்துத் திருத்துவது, வேறு வேலைக்கு மாற்றுவது, பேசி முடித்து அனுப்புவது, நீக்குவது. எதைத் தேர்வது என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. வேலை ஏன் வரவில்லை? இவர் வேண்டாம் என்று உங்கள் மனத்தில் ஏற்கெனவே முடிவாகிவிட்டதா? இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாதவர்கள்தான் இருப்பதிலேயே மோசமான வழியில் போய் விழுகிறார்கள்.

முதலில் காரணம்

'சரியில்லை' என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு தனித்தனி நோய்கள் ஒளிந்திருக்கும். என்ன எதிர்பார்க்கிறோம் என்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் செய்யத் திறன் போதாமல் இருக்கலாம். திறன் இருந்தும் மனம் இல்லாமல் இருக்கலாம். எல்லாம் இருந்தும் வழி அடைபட்டிருக்கலாம்: கருவி வேலை செய்யாது, வேறு துறை தகவல் தராது, இரண்டு மேனேஜர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

இதைப் பிரித்தறியச் சில சோதனைகள் போதும். எதிர்பார்ப்பு எழுத்தில், எண்ணாகவோ தேதியாகவோ எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கெடிகாரம் இன்றுதான் ஓடத் தொடங்குகிறது. கழிந்துபோன ஆறு மாதத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. அடுத்து, அதே வேலையில் அதே கருவிகளோடு இருக்கும் மற்றவர்களைப் பாருங்கள். ஐந்து பேரில் மூவர் டார்கெட்டைத் தொடவில்லை என்றால் கோளாறு டார்கெட்டிலோ வேலை முறையிலோ இருக்கிறது. ஒருவரை அனுப்பினால் அடுத்து வருபவரும் அங்கேயேதான் நிற்பார். மூன்றாவது, இவர் இதே வேலையை முன்பு நன்றாகச் செய்திருக்கிறாரா? செய்திருந்தால் திறன் இருக்கிறது, இடையில் ஏதோ மாறியிருக்கிறது. புது மேனேஜர், புது மென்பொருள், உடல்நலம், வீட்டுச் சூழல் என்று எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேட்காமல் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது வீண்.

மற்றவர்களோடு ஒப்பிடுவது காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும்; தண்டிக்க அதையே அளவுகோலாக்கினால் வேறு விளைவு வரும். ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆண்டுதோறும் கடைசி 10 சதவீதத்தினரை அடையாளம் கண்டு வெளியேற்றும் முறையைப் பிரபலமாக்கியது. அதே வகையான கட்டாயத் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. யாராவது ஒருவர் கடைசியில் இருந்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்து மேசைக்காரருக்கு உதவ யாருக்கும் மனம் வராது. ஒருவரை வேலையின் தேவையோடு ஒப்பிட்டு அளப்பதே சரி.

இதோடு பதிவுகளையும் சரிபாருங்கள். 'பொறுப்பில்லாதவர்' என்பது பதிவு ஆகாது. 'மாத அறிக்கை 5ஆம் தேதி வர வேண்டியது, 9ஆம் தேதி வந்தது. மூன்று எண்கள் தவறு. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார்' என்பது பதிவு. தேதி, எதிர்பார்த்தது, நடந்தது, விளைவு ஆகிய நான்கும் இருந்தால் போதும். அப்புறம், பலர் மறந்துவிடும் ஒன்று: போன அப்ரைசலில் நீங்களே 'மிக நன்று' என்று எழுதிச் சம்பள உயர்வும் கொடுத்திருந்தால், அந்தக் காகிதம் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. மனம் நோகக்கூடாது என்று கூட்டிப்போட்ட மதிப்பெண் இப்படித்தான் திரும்பி வரும். அப்படி இருந்தால் அடுத்த மாதமே நீக்குவதை மறந்துவிட்டு, வெளிப்படையான ஒரு உரையாடலிலிருந்து தொடங்க வேண்டும்.

காத்திருப்பது

இது நியாயமான வழியாக இருப்பது மூன்றே சந்தர்ப்பங்களில்: சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, தற்காலிகமான காரணம் ஒன்று தெரிந்திருக்கிறது, நீங்களே அந்தக் குழுவுக்குப் புதியவர். மூன்றிலும் 'இந்தத் தேதி வரை' என்று நாள் குறித்துக்கொண்டுதான் காத்திருக்க வேண்டும்.

மற்றபடி காத்திருப்பதற்கு மேனேஜர்கள் சொல்லும் பெரிய காரணம், 'இவரும் போய்விட்டால் வேலையை யார் பார்ப்பது?' என்பது. விளம்பரம், நேர்காணல், தேர்வானவரின் நோட்டீஸ் பீரியட், பயிற்சி எல்லாம் சேர்ந்து நான்கு முதல் ஆறு மாதம் எளிதாகப் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி இன்று தொடங்கினாலும் ஆறு மாதம் கழித்துத் தொடங்கினாலும் அதே நீளம்தான். தள்ளிப்போட்டால் அது குறையாது. முன்னால் இன்னொரு ஆறு மாதம் சேரும். அந்த ஆறு மாதமும் அவருடைய பாதி வேலையைச் சுமப்பது குழுவில் நன்றாக வேலை செய்பவர்தான். வெளியே வேலை எளிதாகக் கிடைப்பதும் அவருக்குத்தான்.

ப்ரொபேஷனில் இருப்பவர் விஷயத்தில் காத்திருப்பது இன்னும் விலை உயர்ந்தது. பெரும்பாலான இடங்களில் தகுதிகாண் காலத்தில் விலக்குவதற்கு நடைமுறையும் நோட்டீஸும் குறைவு. கடைசி வாரத்தில் விழித்துக்கொண்டு 'சரி, உறுதிப்படுத்திவிடுவோம், பிறகு பார்க்கலாம்' என்று கையெழுத்துப் போடுவது அடிக்கடி நடக்கிறது. காலத்தின் பாதியில் ஒரு மதிப்பீடு, முடிவதற்கு மூன்று வாரம் முன்பு இன்னொன்று என்று முன்கூட்டியே காலண்டரில் போட்டுவிட வேண்டும்.

கெடு வைத்துத் திருத்துவது

பிஐபி என்று அலுவலகங்களில் சொல்லப்படும் முன்னேற்றத் திட்டம் இதுதான். காரணம் தெரியாமையாகவோ திறன் குறைவாகவோ இருந்து, அவர் தேறினால் உண்மையிலேயே வைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் இதுவே சிறந்த வழி.

எத்தனை நாள்? 30, 60, 90 என்ற வழக்கமான எண்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அந்த வேலையின் ஒரு சுற்று எவ்வளவு நீளம் என்று பாருங்கள். தினமும் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவருக்கு 30 நாளிலேயே மாற்றம் தெரிந்துவிடும். மாதக் கணக்கை முடிப்பவருக்கு இரண்டு மாத முடிவுகளாவது கண்ணில் பட வேண்டும். ஒரு விற்பனை முடியவே நான்கு மாதம் ஆகும் தொழிலில், 90 நாளில் முடிந்த விற்பனையை எண்ணுவது அநியாயம். சந்திப்புகள், அனுப்பிய விலைப்புள்ளிகள், தொடர் அழைப்புகள் ஆகியவற்றை அளக்க வேண்டும்.

இலக்குகள் மூன்று, மிஞ்சினால் நான்கு. ஒவ்வொன்றிலும் இப்போதைய நிலை, வேண்டிய நிலை, தேதி, அந்த எண் எங்கிருந்து எடுக்கப்படும், நீங்கள் தரும் உதவி ஆகியவை இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் நாளுக்குச் சராசரியாக 12 புகார்களை முடிக்கிறார், குழுவின் சராசரி 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வாரம் 15, நான்காம் வாரம் 17, ஆறாம் வாரம் 18. அதே நேரம் மீண்டும் திறக்கப்படும் புகார் 100க்கு 5ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் எண்ணிக்கைக்காக அரைகுறையாக மூடித் தள்ளுவார். இலக்கு குழுவின் சராசரிக்கு மேலே போகவே கூடாது. மற்றவர்கள் தொடாததை இவரிடம் மட்டும் கேட்பது திட்டத்தின் நோக்கத்தையே காட்டிக்கொடுத்துவிடும்.

வாரம் ஒரு சந்திப்பு, அரை மணி நேரம். முடிந்த அன்றே நான்கைந்து வரிகளில் மின்னஞ்சல்: இந்த வாரம் எண் என்ன, எது தேறியது, எது இல்லை, அடுத்த வாரம் என்ன. திட்டங்கள் சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் இரண்டு வாரம் சந்திப்பு நடக்கும், மூன்றாம் வாரம் மேனேஜருக்கு வேறு கூட்டம், அப்படியே நின்றுபோகும். கடைசி நாளில் 'தேறவில்லை' என்று சொன்னால், 'நீங்கள் பார்க்கவே இல்லையே' என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னும் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'மனப்பான்மை மாற வேண்டும்' என்று இலக்கு எழுதுவது ஒன்று. எந்த நடத்தை என்று எழுத முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். நடுவில் புதுக் குறைகளைச் சேர்த்துக்கொண்டே போவது இன்னொன்று. மூன்றாவது, முடிவு சொல்லத் தைரியம் வராமல் கெடுவை நீட்டிக்கொண்டே போவது. ஒரு முறை, எழுத்தில் காரணத்தோடு நீட்டலாம். இரண்டாம் முறை நீட்டினால் அது காத்திருப்பதற்கு இன்னொரு பெயர்தான். தேறியவரிடமும் ஒன்றை அப்போதே சொல்லிவைக்க வேண்டும்: அடுத்த ஆறு மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் திட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்காது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். முடிவு ஏற்கெனவே எடுத்துவிட்டு, காகிதம் சேர்ப்பதற்காக மட்டும் இந்தத் திட்டத்தைப் போடுவது பல நிறுவனங்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஐந்து வழிகளிலும் இதுதான் மோசமானது. அவருக்கு இரண்டு மாத வதை. உங்களுக்கு எட்டுச் சந்திப்புகள். அலுவலகம் முழுவதும் விஷயம் தெரியும். அதைவிட, அடுத்த முறை நீங்கள் மனதாரத் திருத்த நினைக்கும் ஒருவரும் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் வேறு வேலை தேடத் தொடங்குவார். முடிவாகிவிட்டது என்றால் நேராகப் பேச்சுவார்த்தைக்குப் போங்கள்.

வேறு வேலைக்கு மாற்றுவது

நன்றாகக் கணினி நிரல் எழுதியவரைக் குழுத்தலைவர் ஆக்கினார்கள், அவருக்கு ஆள் மேய்க்க வரவில்லை: இடமாற்றம் பலிக்கும் இடம் இதுபோன்றது. முன்பு நிரூபித்த திறன் ஒன்று இருக்கிறது, அதற்கான இடமும் உண்மையிலேயே காலியாக இருக்கிறது, புது மேனேஜருக்கு முழு விவரமும் சொல்லியாயிற்று என்றால் செய்யலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பிரச்சினையைப் பக்கத்து அறைக்குத் தள்ளுவதாகத்தான் முடியும். மனம் இல்லாதவருக்கு இடமாற்றம் உதவுவது அரிது.

சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். ஊழியர் சம்மதம் இல்லாமல் சம்பளத்தையோ பதவியையோ குறைப்பதைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் மறைமுகப் பணிநீக்கமாகவே பார்க்கின்றன. எழுத்தில் ஒப்புதல் வேண்டும். யோசிக்க நாளும் தர வேண்டும்.

பேசி முடித்து அனுப்புவது

இந்த வழிக்கு இருக்கும் கெட்ட பெயருக்குக் காரணம், கதவைச் சாத்திக்கொண்டு 'இப்போதே ராஜினாமா எழுது' என்று மிரட்டும் வழக்கம். அப்படி வாங்கிய ராஜினாமா பின்னால் செல்லாமல் போகலாம். கட்டாயத்தில் எழுதியது என்று நிரூபணமானால் அது பணிநீக்கமே. ஒழுங்காகச் செய்தால் இரு தரப்புக்கும் சேதம் குறைவான வழி இதுதான்.

ஒழுங்காக என்றால், கையில் ஒரு முழுமையான முன்மொழிவோடு போவது. கடைசி நாள், நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, அதற்கு மேல் எத்தனை மாதச் சம்பளம், அனுபவச் சான்றிதழில் என்ன எழுதப்படும், குழுவிடம் என்ன சொல்லப்படும், யார் யாரிடம் எதை வெளியிடக் கூடாது என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். படித்துப் பார்க்கவும் வழக்கறிஞரிடம் காட்டவும் ஒரு வாரமாவது கொடுங்கள். 'ஏற்காவிட்டால் என்ன ஆகும்?' என்று கண்டிப்பாகக் கேட்பார். அதற்கு நேர்மையான பதில் தயாராக இருக்க வேண்டும். முன்னேற்றத் திட்டம் என்றால் அது உண்மையான திட்டமாக இருக்க வேண்டும். ராஜினாமா என்று எழுதினால் சில நாடுகளில் வேலையின்மை உதவித்தொகை கிடைக்காது. எந்தப் பெயரில் பிரிவது என்பதையும் அவரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்த நிறுவனமும் உண்டு. அமேசான் தன் கிடங்கு ஊழியர்களுக்கு விலகிக்கொள்ளப் பணம் தரும் திட்டத்தை 2014இல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தது: முதல் ஆண்டு 2,000 டாலர், ஆண்டுக்கு 1,000 கூடி 5,000 வரை. மனமில்லாமல் தங்கியிருப்பவர் இருவருக்குமே நல்லதில்லை என்பது அதன் அடிப்படை. பெரிய தொகை இல்லாத சிறு நிறுவனம்கூட ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தோடு இதே தர்க்கத்தைப் பின்பற்றலாம். பயனில்லாமல் இன்னும் ஆறு மாதம் கொடுக்கப்போகும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தானே புரியும்.

நீக்குவது

வேலை தேறாததும் ஒழுங்கீனமும் வேறு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். திருட்டு, அடிதடி, போலி ஆவணம் போன்றவற்றுக்கு விசாரணை நடைமுறை தனி. அங்கே நோட்டீஸ் இல்லாமலும் அனுப்ப நேரலாம். வேலை வரவில்லை என்பதற்காக ஒருவரை அதே நாளில் நோட்டீஸும் இல்லாமல், அதற்கான பணமும் இல்லாமல் துரத்துவது பெரும்பாலான நாடுகளில் உங்களுக்கே வினையாகும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே நீக்கலாம். வேறு பல நாடுகளில் காரணத்தை நிரூபிக்க வேண்டும். எங்கும் பயன்படும் ஒரு குறைந்தபட்ச அளவுகோல் வேண்டுமென்றால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் உடன்படிக்கையையும் அதனோடு வந்த 166ஆம் பரிந்துரையையும் பாருங்கள். திறனோ நடத்தையோ நிறுவனத்தின் தேவையோ சார்ந்த தகுந்த காரணம், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்பு, நியாயமான நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான பணம் ஆகியவற்றை உடன்படிக்கை கேட்கிறது. வேலை தேறாதவர் விஷயத்தில் பரிந்துரை இன்னும் துல்லியம்: தகுந்த அறிவுறுத்தலும் எழுத்து மூல எச்சரிக்கையும் கொடுத்து, தேறுவதற்கு நியாயமான காலமும் கழிந்து, பிறகும் மாறவில்லை என்றால்தான் நீக்கலாம். உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதோ இல்லையோ, இந்த மூன்றும் கோப்பில் இருந்தால் எந்த விசாரணையிலும் உங்கள் கால் தரையில் நிற்கும்.

எப்போது கூடாது என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. கர்ப்பம், குடும்பப் பொறுப்பு, மதம், சங்க உறுப்பினராக இருப்பது, நிறுவனத்தின் மீது புகார் கொடுத்தது, நோயால் தற்காலிகமாக வராதது எதுவும் நீக்கக் காரணம் ஆகாது. உங்கள் காரணம் வேறாகவே இருந்தாலும், அவர் புகார் கொடுத்த மறு வாரம் நீக்கினால் பழிவாங்கல் என்றுதான் தோன்றும். அந்தப் புகாருக்கு முன்பே தேதியிட்ட பதிவுகள் உங்களிடம் இருக்கின்றனவா என்பதை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

நோட்டீஸ் காலத்தை மூன்று விதமாகக் கழிக்கலாம். வேலை செய்தே கழிப்பது கைமாற்றத்துக்கு நல்லது. உறவு சுமுகமாக இருந்தால் மட்டும். பணத்தைக் கொடுத்து அன்றே முடிப்பது செலவானாலும் சுத்தமானது. வேலை தேறாதவருக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும், ஏனென்றால் நீக்கப்பட்டவரிடமிருந்து இரண்டு மாதம் நல்ல வேலை வரும் என்று எதிர்பார்ப்பது வீண். சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வது, போட்டி நிறுவனத்துக்கு உடனே போய்விடுவார் என்ற கவலை இருக்கும் பதவிகளுக்கு மட்டும் போதும்.

அந்தப் பதினைந்து நிமிடம்

சொல்வதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை: கையெழுத்தான கடிதம், ஒவ்வொரு வரியாகக் கணக்கிட்ட இறுதித் தொகையும் அது வரும் தேதியும், திருப்பித் தர வேண்டிய பொருள்களின் பட்டியல், அவர் வேலையை யார் யார் எடுப்பார்கள் என்ற தாள். 'அதை எச்ஆர் பிறகு சொல்வார்கள்' என்ற பதில் எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது.

நேரடி மேனேஜர் சொல்ல வேண்டும், எச்ஆரிலிருந்து ஒருவர் உடன் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பலருக்கும் பிடித்த நேரம். சொல்பவருக்கு அது வசதி. கேட்பவருக்கு அடுத்த இரண்டு நாள் வங்கியோ வழக்கறிஞரோ எச்ஆரோ கிடைக்க மாட்டார்கள். வார நடுவில், காலையில் வையுங்கள். கணினி அனுமதியை நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கே நின்றுவிட்டு, சந்திப்பு பதினொன்றுக்கு என்றால் செய்தியைச் சொன்னது பாஸ்வேர்ட் திரை என்று ஆகிவிடும்.

முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். "உட்காருங்க. ஒரு கஷ்டமான விஷயம். உங்க வேலையை இன்னிக்கோட முடிச்சுக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு மாசமா பேசின இலக்குகள் எட்டலை, அதுதான் காரணம். முடிவு இனி மாறாது." இவ்வளவுதான். பிறகு அமைதியாக இருங்கள். அவர் பேசட்டும், கோபப்படட்டும், அழட்டும். பழைய சம்பவங்களை எடுத்து வாதாடினால் முடிவு இன்னும் பேரத்துக்கு உரியது என்று அர்த்தமாகிவிடும். 'உங்களைவிட எனக்குத்தான் கஷ்டம்' என்பதைச் சொல்லவே சொல்லாதீர்கள். திறமையைப் புகழ்வதும் வேண்டாம். 'அப்புறம் ஏன் அனுப்புறீங்க?' என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் கேமராவோடு நேரில் பேசுவதுபோலப் பேசி, அழைப்பு முடிந்ததும் கடிதத்தை அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அலுவலக மின்னஞ்சல் அதற்குள் மூடியிருக்கும். லேப்டாப்பை எடுக்கக் கூரியரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்: இவர் இன்றோடு போகிறார், இன்ன வேலையை இன்னார் பார்ப்பார். ஏன் என்று கேட்டால், 'அவரைப் பற்றிய விஷயம், நான் பேசுவது சரியாக இருக்காது' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நாளை வேறு நிறுவனம் விசாரித்தாலும் பதவியையும் பணிக்காலத்தையும் மட்டும் சொல்வது பாதுகாப்பு; பேசி முடித்து அனுப்பியிருந்தால், ஒப்புக்கொண்ட வாசகத்தை அப்படியே சொல்ல வேண்டும்.

காலியிடத்துக்கு விளம்பரம் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. முன்னேற்றத் திட்டத்தில் எழுதிய மூன்று இலக்குகளை எடுத்து, புதியவரின் முதல் 90 நாள் எதிர்பார்ப்பாக வேலை விவரத்திலும் நேர்காணல் கேள்விகளிலும் சேர்த்துவிடுங்கள்.